இரண்டாவது பஸ் வரும் வரை

2013 மழைக்காலத்தில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வருவது பாதியாகக் குறைந்துபோனது. நான் அப்போது மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருந்தாளுநர். ஊர்க்காரர்களுக்குக் கம்பவுண்டர் அம்மா. வழக்கமாக ஒரு மாதத்துக்கான மாத்திரையை மொத்தமாகக் கொடுத்து அனுப்புவோம். இருப்பை எண்ணிப் பார்த்தால், அப்படிக் கொடுத்தால் பன்னிரண்டே நாளில் அலமாரி காலியாகிவிடும். மருத்துவ அலுவலரிடம் பேசி, யாராக இருந்தாலும் ஒரு வாரத்துக்கு மட்டும் என்று முடிவெடுத்தோம். ஊராட்சித் தலைவரின் அம்மாவுக்கும் ஏழு, நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்கும் ஏழு. ஒருவருக்கும் ஒரு மாத்திரை கூடுதலாகப் போகவில்லை. நேர்மையாக நடந்துகொண்டோம் என்ற நிம்மதியோடுதான் அந்த நாட்களில் வீட்டுக்குப் போவேன்.

மலை மேலிருந்து வரும் ஓர் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரையான அம்லோடிபின் 5 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. முதல் இரண்டு வாரம் சரியாக வந்தார். பிறகு மூன்று வாரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது ரத்த அழுத்தம் 190-க்கு 110. மாத்திரை போதவில்லை போலிருக்கிறது என்று டாக்டர் அளவைக் கூட்டி எழுதிவிட்டார். சீட்டை வாங்கிக்கொண்டு, "தினமும் போடுறீங்களாம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"ஏழு மாத்திரைக்குப் போவ வர பஸ்ஸு காசு, ஒரு நாள் கூலியும் போவுது கண்ணு. அதான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கிட்டேன். வீட்டுக்காரருக்கும் பிரஷருதான், அவரால எறங்கி வர முடியாது. அவருக்கும் ரெண்டு குடுத்தேன்."

நான் ஏழு என்று எண்ணிக் கொடுத்தது மலை மேல் போய் மூன்றாகவும் நான்காகவும் ஆகியிருந்தது. சாலையோர ஊர்க்காரர் சைக்கிளில் பத்து நிமிடத்தில் வந்து வாங்கிய ஏழும், அந்த அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து வாங்கிய ஏழும் என் பதிவேட்டில் ஒரே எண்ணாக நின்றன. மாத்திரைக்கு விலையில்லை என்பது நம் பக்கத்துக் கணக்கு. அவர் பக்கம் ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு விலை இருந்தது. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கூட்டி எழுதிய அளவை அடித்துவிட்டு, "இவங்களுக்கு ஒரு மாசத்துக்குக் கொடுத்துடுங்க மேடம், வீட்டுக்காரரை நர்ஸ் சிஸ்டர் போய்ப் பார்க்கட்டும்" என்றார். எங்கள் நிலையத்தில் பங்கீட்டு முறை மாறத் தொடங்கியது அன்றைக்குத்தான். ஓய்வு பெற்றபின் இதை எழுதுவதற்குக் காரணம், இதே வேலையில் இப்போது இருப்பவர்களுக்கு இதில் ஒன்றிரண்டாவது உதவும் என்ற நம்பிக்கை.

முதலில் மாற்றியது சீட்டை. ஓ.பி. சீட்டின் மூலையில் இரண்டு விஷயம் எழுத ஆரம்பித்தோம். எப்படி வந்தார், வந்து போக எவ்வளவு நேரம். இதைக் கேட்க அரை நிமிடம் போதும். ஒரு மாதச் சீட்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது எனக்கே தெரியாத எங்கள் பகுதியின் வரைபடம் கிடைத்தது. தட்டுப்பாடு வந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வருபவருக்கு முழு மாதம், நடந்து வரக்கூடியவருக்கு ஒரு வாரம் அல்லது பத்து நாள் என்று வைத்துக்கொண்டோம். செலவாகும் மாத்திரையின் எண்ணிக்கை ஏறக்குறைய முன்பு போலத்தான். பக்கத்தில் இருப்பவர் நான்கு முறை வருவார், தூரத்தில் இருப்பவர் ஒரு முறை வருவார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு எதிர்ப்பு வந்தது. சாலையோர ஊரில் இருந்த பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், கவுன்ட்டர் முன்னால் நின்று சத்தமாகவே கேட்டார். "அவங்களுக்கு ஒரு மாசம், எனக்கு ஒரு வாரமா? நானும் இதே நாட்டுக்காரன்தானே?" காரணத்தை விளக்கினேன். அவர் தன் காலைக் காட்டினார். சர்க்கரைப் புண், கட்டுப் போட்டிருந்தது. ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தை முக்கால் மணி நேரம் நடந்து வந்திருக்கிறார். மனைவி இறந்துவிட்டார், மகன் திருப்பூரில். மலை, சமவெளி என்று நான் போட்ட கோடு அவர் மேல் ஏறி நின்றது. அவர் கேட்டது நியாயம். அன்றிலிருந்து 'தூரம்' என்பதைக் கிலோமீட்டரில் பார்ப்பதை விட்டோம். புண்ணான காலுக்கு ஒன்றரை கிலோமீட்டரும் தூரம்தான். கைக்குழந்தையோடு தனியாக இருப்பவர், கண் தெரியாதவர், நர்ஸ் சிஸ்டரின் வண்டி கடைசித் தெரு வரை போகாத காலனியில் இருப்பவர் எல்லோரும் அந்தக் கணக்கில் சேர்ந்தார்கள்.

சேர்த்ததும் வேறொரு சிக்கல் முளைத்தது. யாருக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதை நான் ஒருத்தியே தீர்மானித்தால் அது சலுகை ஆகிவிடும். நாளைக்கு என் இடத்தில் வருபவர் அதைத் தன் உறவினருக்கும் செய்யலாம். அதனால் விதியை டாக்டர் கையெழுத்தோடு எழுதிக் கவுன்ட்டருக்கு வெளியே ஒட்டினோம். 'மாத்திரை இருப்பு குறைவு. கீழ்க்கண்டவர்களுக்கு ஒரு மாத மருந்து, மற்றவர்களுக்கு ஒரு வார மருந்து' என்று தொடங்கிக் காரணத்தையும் இரண்டு வரியில் சொல்லியிருந்தோம். ஒட்டிய பிறகு சண்டை பாதியாகக் குறைந்தது. மக்களுக்குக் கோபம் வருவது குறைவாகக் கிடைப்பதால் மட்டும் இல்லை. ஏன் குறைவு என்று தெரியாதபோது அந்த இடத்தைச் சந்தேகம் நிரப்பிவிடுகிறது.

இனி இண்டென்ட் கணக்கு, அதாவது கிடங்கிலிருந்து மருந்து கேட்டு எழுதும் பட்டியல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அநியாயம் சத்தமே இல்லாமல் நடப்பது இங்கேதான்.

1995-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மருந்து விநியோகம் தொடங்கிய நாட்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குமுன் வருவதை வாங்கி வைத்துக்கொள்வதுதான் வழக்கம். பிறகு ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் வந்தது. நம் நிலையத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று ஒதுக்கீடு, மாவட்டக் கிடங்கில் போய் நமக்கு வேண்டியதை எடுத்தால் அந்தத் தொகை அதில் கழியும். தரப் பரிசோதனையில் தேறிய மருந்துதான் கிடங்கை விட்டு வெளியே வரும். நாட்டின் பல மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப் போன நல்ல முறை அது. பெரிய விஷயம், என்ன வேண்டும் என்று நாமே சொல்லும் உரிமை கையில் வந்தது. ஆனால் சொல்வதற்கு நமக்கே சரியாகத் தெரிந்திருக்க வேண்டுமே!

போன காலாண்டில் எவ்வளவு செலவானது என்று பார்த்து அடுத்த காலாண்டுக்கு எழுதுவதுதான் வழக்கம். எங்கள் மலைத் துணை சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை 90 நாளில் 1,200 செலவாகியிருந்தது. மாதத்துக்கு 400. சாலையோரத் துணை நிலையத்தில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். கர்ப்பிணிகள் எண்ணிக்கை இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். மலைப் பெண்கள் மாத்திரையை விரும்புவதில்லை, அதனால் குறைவு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

ஒரு நாள் சிஸ்டரின் பதிவேட்டை வரி வரியாகப் பார்த்தேன். அந்த 90 நாளில் மாத்திரை இருந்தது 36 நாள் மட்டுமே. மீதி 54 நாள் இருப்பு பூஜ்யம். இருந்த 36 நாளில் 1,200 போயிருக்கிறது. அப்படியென்றால் ஒரு நாளைக்கு 33, மாதத்துக்கு 1,000. நாங்கள் அனுப்பிக்கொண்டிருந்ததோ 400. குறைவாக அனுப்பினோம், அதனால் குறைவாகச் செலவானது, குறைவாகச் செலவானதால் மறுபடி குறைவாக அனுப்பினோம். இல்லாத நாளில் வந்து வெறுங்கையோடு திரும்பிய பெண் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஒரு கர்ப்பிணிக்கு நான்காவது மாதத்திலிருந்து குறைந்தது 180 மாத்திரை போக வேண்டும். அது போகாமல் ரத்தசோகையோடு பிரசவ மேசைக்கு வந்த பெண்களுக்கு நாங்கள் பொறுமையாகக் கீரை சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

அதனால் இண்டென்ட் எழுதுகிறவர்களை நான் கேட்டுக்கொள்வது இது. செலவை மொத்த நாளால் வகுக்காதீர்கள், மருந்து கையில் இருந்த நாளால் வகுங்கள். 'இல்லை' என்று சொல்லி அனுப்பியவர்களைக் குறிக்க ஒரு நாற்பது பக்க நோட்டு தனியாக வையுங்கள். எங்கள் நோட்டு மூன்றே மாதத்தில் நிரம்பியது. அதைக் கொண்டுபோய் வட்டார ஆய்வுக் கூட்டத்தில் வைத்தபோதுதான் மலைக்கான ஒதுக்கீட்டைக் கூட்டிக் கேட்க எங்களுக்கு வாய் வந்தது. மலைக்குப் போகும் பெட்டியைக் கட்டும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காலாவதி நெருங்கியதை முதலில் வெளியே அனுப்புவது மருந்தகத்தின் பொது விதி. அதை அப்படியே பின்பற்றினால் மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கப்போகும் மலைப் பெட்டிக்கு, தேதி முடியப்போகும் ஸ்ட்ரிப்புகள் போய்ச் சேரும். நெருங்கிய தேதி கூட்டம் உள்ள கவுன்ட்டருக்கு, நீண்ட தேதி மலைக்கு என்று பிரியுங்கள்.

சமமாகப் பிரிப்பதே தவறாகிவிடும் இடம் பாம்புக்கடி மருந்து. ஒருமுறை எங்கள் பகுதிக்கு 30 குப்பி வந்தது. ஆறு நிலையங்கள், ஆளுக்கு ஐந்து என்று பேச்சு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் விஷம் ஏறியவருக்கு முதல் வேளைக்கே 8 முதல் 10 குப்பி வேண்டும். ஆளுக்கு ஐந்து என்றால் ஆறு இடத்திலும் இருக்கும், ஓர் இடத்திலும் ஓர் உயிருக்குப் போதாது. எங்கள் டாக்டர் பிடிவாதமாகப் பேசினார். கடி அதிகம் வரும், இரவில் மருத்துவர் தங்கும் மூன்று நிலையங்களில் பத்துப் பத்தாக வைப்பது, மற்ற மூன்றும் யாரை எங்கே அனுப்புவது என்பதைச் சுவரில் எழுதிவைத்து உடனே 108-ஐ அழைப்பது என்று முடிவானது. கையில் ஒரு குப்பிகூட இல்லாமல் போன நிலையத்துக்காரருக்கு வருத்தம்தான். எங்கள் பகுதிக்கு இருந்தது உறையவைத்து உலர்த்திய தூளாக வரும் குப்பி, அதற்குக் குளிர்பெட்டி தேவையில்லை, அதனால் அடிவாரத்தில் வைப்பதிலும் தடையில்லை.

இந்த மருந்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும். சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் விஷத்தையும் அவர்கள் எடுத்துக் கொடுக்க, அதிலிருந்துதான் மருந்து தயாராகிறது. பழங்குடி மக்களின் கைத்திறனில் உருவாகும் ஒரு மருந்து, இன்னொரு மலையில் இருக்கும் பழங்குடி மனிதருக்கு நேரத்துக்குக் கிடைக்காமல் போகக் கூடாது.

தடுப்பூசியிலும் இதே சிக்கலின் வேறொரு முகம். புதன்கிழமை தடுப்பூசி நாள். தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசிக் குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். கலக்கிய பிறகு நான்கு மணி நேரம்தான், மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஐந்து நோய்களுக்கான பெண்டாவேலன்ட் தடுப்பூசிக் குப்பியைப்போலத் திறந்து முறையாகக் குளிரில் வைத்து 28 நாள் வரை பயன்படுத்த முடியாது. கூட்டத்தில் 'உங்க ஏரியாவுல வேஸ்டேஜ் அதிகம்' என்று நாலு பேர் முன்னால் கேட்டால் எந்த சிஸ்டருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். அதனால் எங்கள் மலை சிஸ்டர், ஒரே குழந்தை வந்த நாளில் குப்பியை உடைக்காமல் அடுத்த புதன் வரச் சொல்லியிருக்கிறார். அடுத்த புதனுக்குள் அந்தக் குடும்பம் செங்கல் சூளைக்குப் போய்விட்டது. ஏழு மாதம் கழித்து ஊர் திரும்பியபோதுதான் அந்தக் குழந்தைக்கு ஊசி போட முடிந்தது. தவறு சிஸ்டருடையது இல்லை. முப்பது குழந்தைகள் வரும் ஊரையும் ஒரே குழந்தை வரும் ஊரையும் ஒரே சதவீதத்தில் அளந்த கணக்குடையது. ஒரு குழந்தை வந்தாலும் உடையுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மலைத் துணை நிலையத்தின் சேதாரத்தைத் தனி வரியாகக் காட்ட ஆரம்பித்தோம். அது சேதாரம் இல்லை, அந்தக் குழந்தைக்கான செலவு.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. மக்கள்தொகைக் கணக்கில் அரசே வித்தியாசம் பார்க்கிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் 30,000, 20,000. ஆனால் 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோது இன்ன செலவுக்கு என்று கட்டிப்போடாமல் கொடுத்த நிதி, துணை நிலையத்துக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்று எல்லோருக்கும் ஒன்றாக வந்தது. ஜீப் வாடகைக்கே பாதி போகிற இடத்துக்கும் அதே பத்தாயிரம். எங்கள் நோயாளர் நலச் சங்கக் கூட்டத்தில் முன்பக்கத்துக்கு டைல்ஸ் போடலாமா, மலைத் துணை நிலையத்தின் பிரசவ அறைக்குச் சூரிய விளக்கு வாங்கலாமா என்று வாக்குவாதம் வந்தது. டைல்ஸ் கேட்டவர்கள் பத்துப் பேர் வந்திருந்தார்கள். விளக்கு வேண்டியவர்களில் ஒருவர்கூட வரவில்லை, கூட்டம் மாலை ஐந்து மணிக்கு, கடைசி பஸ் நாலரைக்கு. அடுத்த கூட்டத்தைச் சந்தை நாளில் காலையில் வைத்தோம். விளக்கு வந்தது.

சந்தை நாள் என்றதும் சொல்ல வேண்டும். எங்கள் சர்க்கரை, பிரஷர் நாள் முன்பு வேறொரு கிழமையில் இருந்தது. மலைமக்கள் எப்படியும் வாரம் ஒருமுறை சாமை, புளி, கடுக்காய் விற்கச் சந்தைக்கு இறங்குவார்கள். அந்த நாளுக்கே மாற்றியதில் புதிதாக ஒரு ரூபாய் செலவில்லை. ஆனாலும் முதல் மாதம் மலையாட்கள் பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஏன் என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது. பைக்கில் வருபவர்கள் எட்டு மணிக்கே டோக்கன் வாங்கிவிடுகிறார்கள். மலையிலிருந்து முதல் பஸ்ஸில் சுமையோடு வருபவர்கள் நேராகச் சந்தைக்குப் போய்க் கடைவிரித்துவிடுவார்கள், இரண்டாவது பஸ் பத்தே முக்காலுக்கு. அதில் வருபவர்கள் எங்களிடம் வந்து சேரும்போது அன்றைய மாத்திரை தீர்ந்திருக்கும். முதலில் வந்தவருக்கு முதலில் என்பதைவிட நேர்மையான முறை உண்டா என்று நினைப்போம். அது பைக் வைத்திருப்பவருக்குச் சாதகமான முறை. அன்றைய இருப்பில் மூன்றில் ஒரு பங்கை ஓர் அட்டைப் பெட்டியில் எடுத்துத் தனியே வைத்தோம். இரண்டாவது பஸ் வந்து ஆட்கள் இறங்கிய பிறகுதான் அந்தப் பெட்டியைத் திறப்போம். பஸ் நேரங்களை ஒரு தாளில் எழுதி மருந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த இளம் டாக்டர் ஒருவர், வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் வேலை பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவரைப் பற்றிச் சொன்னார். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-லேயே அவர் எழுதிவைத்திருக்கிறாராம். கேட்டதும் எனக்கு வந்தது ஆறுதல் இல்லை, பதற்றம். அவ்வளவு தூரத்தில் அவ்வளவு முன்பே கண்டுபிடித்த ஒன்றை என் கவுன்ட்டரில் நான் வருடக்கணக்காகச் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, சில மாதங்களில் எங்கள் பக்கமும் தன்னார்வலர்கள் மாத்திரையோடு வீட்டுக்கே போனார்கள். அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்கு முதன்முறையாகத் தவறாமல் மாத்திரை கிடைத்தது அதற்குப் பிறகுதான். நான் மனதாரப் பாராட்டும் திட்டம் அது. ஆனாலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பட்டியலில் பெயர் ஏறியவர் வீட்டுக்குத்தான் மாத்திரை போகும். பரிசோதனைக்கே வராதவர் பெயர் ஏறாது. காட்டுக்குள் தள்ளித் தள்ளி இருக்கும் நான்கு வீட்டுக் குடியிருப்புகளுக்கும், அடுத்தடுத்து வீடுகள் உள்ள தெருவுக்கும் ஒரு தன்னார்வலருக்கு ஒரே எண்ணிக்கை வைத்தால் நடக்கிற பெண்ணின் கால்தான் தேயும். வீடுகளின் எண்ணிக்கையோடு நடக்கும் தூரத்தையும் சேர்த்துப் பிரிக்கச் சொல்லி, அந்தப் பெண்களையே உட்காரவைத்து வரைபடம் போட்டோம். எந்தப் பாதையில் மழைக்காலத்தில் ஓடை குறுக்கிடும் என்பது அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது.

2023-இல் பொறுப்பை ஒப்படைத்தேன். புதிதாக வந்த பெண் வயதில் என் மகளைவிடச் சின்னவள். இருப்பைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கி முடித்தபின் அலமாரியைத் திறந்து காட்டினேன். கதவின் உள்பக்கத் தாளைப் பார்த்து, "இது எதுக்கு மேடம்?" என்றாள். சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

நான்கு மாதம் கழித்து என் ஓய்வூதியக் காகிதம் ஒன்றுக்காக அங்கே போனேன். சந்தை நாள். பதினோரு மணி இருக்கும், கவுன்ட்டரில் அவள் இல்லை. வாசலுக்கு வந்து சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே அட்டைப் பெட்டி பிரிக்காமல் இருந்தது. அலமாரிக் கதவைத் திறந்து பார்த்தேன். தாளில் நான் எழுதியிருந்த 10.45-ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் சிவப்பு மையில் 11.20 என்று எழுதியிருந்தாள்.